யாரும் வைக்காத மருந்து

என் மருமகளின் வலது மணிக்கட்டு எங்கள் வீட்டில் வைத்துத்தான் உடைந்தது. மகன் உதைத்தான். மகள் முடியைப் பிடித்து இழுத்தாள். நான் கதவைச் சாத்தினேன். கதவைச் சாத்தியதெல்லாம் அடித்ததில் சேராது என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சேரும். கதவு திறந்து கிடந்திருந்தால் அவள் தெருவுக்கு ஓடியிருப்பாள், மிச்ச அடியாவது தப்பியிருக்கும்.

நான் நாலு பேர் முன்னால் பேசி அறியாதவள். அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படித்தேன். அப்புறம் உசிலம்பட்டிப் பக்கம் அடுத்தவர் காட்டில் களை எடுத்தேன். கல்யாணமாகி மதுரை செல்லூருக்கு வந்ததிலிருந்து விசைத்தறிப் பட்டறையில் துண்டும் கைலியும் மடிக்கிறேன். தறி ஓடுகிற சத்தத்தில் யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. அது எனக்குத் தோதாகப் போயிற்று. யாராவது ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவேன். வீட்டிலும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரைக்கும் அவர் கைதான் பேசும், என் முதுகு கேட்டுக்கொள்ளும். அதைப் பார்த்து வளர்ந்தவன் என் மகன்.

அவனுக்குக் கப்பலூரில் வேலை. பிளாஸ்டிக் வாளியும் டப்பாவும் வார்க்கிற சின்னக் கம்பெனி. மிஷினில் நின்ற இன்னொரு ஆள் வேலையை விட்டுப் போய்விட, அவர் ஷிப்டையும் சேர்த்து இவனே பார்த்தான். சூட்டில் நின்று நின்று இடுப்பு விட்டுப் போயிற்று. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே வலி மாத்திரை வாங்கிக் கடலை மாதிரி தின்றான். தூக்கம் கிடையாது. சோறு எந்த நேரமோ அந்த நேரம்.

முதலில் வயிறு போனது. பிறகு சளி சளியாகப் போனது. பிறகு ரத்தம்.

இதையெல்லாம் அவன் எங்களிடம் சொல்லவில்லை. ஆம்பிளை, அதுவும் கோபக்கார ஆம்பிளை, இதை எப்படிச் சொல்லுவான். எங்கள் சந்தில் மூன்று வீட்டுக்கு ஒரே கக்கூஸ். காலையில் உள்ளே போனால் வரமாட்டான். வந்து சட்டையை மாட்டுவதற்குள் மறுபடி ஓடுவான். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் வெளியே நின்று கதவைத் தட்டி, "மாப்ள, உள்ளயே குடித்தனம் வச்சுட்டியா? பாலு காய்ச்சுறப்பச் சொல்லிவிடு, வாரேன்" என்றார். கிண்டல்தான். கெட்ட மனுசர் இல்லை அவர். என் மகன் உள்ளிருந்து கதவை உதைத்தான். கீல் பெயர்ந்து தகரக் கதவு அவர் மூக்கில் அடித்தது. அதோடு விட்டானா, தண்ணீர் வாளியைத் தூக்கி அவர் முதுகில் ரெண்டு போட்டான். தடுக்கப் போன என்னைச் சுவரோடு சேர்த்துத் தள்ளினான். ஜனங்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு வாளியை எடுக்க உள்ளே போனேன். பீங்கானெல்லாம் ரத்தம். எதிர்வீட்டுக்காரர் உள்ளே கால் வைக்கவே இல்லை. அது அவர் மூக்கு ரத்தம் இல்லை.

தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வந்தேன். அவனிடம் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

நாளுக்கு நாள் அவன் இளைத்தான். பேன்ட் இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டினான். வயிறு முறுக்குகிறபோது கையில் கிடைத்ததை எறிவான். தட்டு, செம்பு, ஒருதடவை சுடுசோற்றுச் சட்டி. சட்டி மருமகளின் தோளில் பட்டுத் தோல் உரிந்தது. அவள் சத்தம் போடாமல் கீழே கொட்டிய சோற்றைத்தான் முதலில் அள்ளினாள். கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆகவில்லை. உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி, வாய்த்துடுக்கு இல்லாத பிள்ளை. ஒரே ஒரு ஆசைதான் கேட்டாள். கப்பலூர் பக்கமே ஒரு வீடு பார்த்துப் போய்விட்டால் இவருக்கு அலைச்சல் மிச்சம் என்று. அதற்கு என் மகள், "தம்பியப் பிரிக்கப் பாக்குறா" என்று தெருமுழுக்கச் சொன்னாள். மகளைப் பக்கத்துத் தெருவிலேயே கட்டிக் கொடுத்திருக்கிறது. தினம் ரெண்டு தடவை வந்துபோவாள். என்னைப் போல் இல்லை அவள், வாய்க்காரி.

ஒரு மத்தியானம். பட்டறையில் கரண்டு போய்விட்டதால் நேரத்தோடே வீட்டுக்கு வந்தேன். மருமகள் அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். மோர்ச் செம்பு முன்னால் இருந்தது. ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து, ரெண்டு விரலால் ஏதோ பொடியை அள்ளி மோரில் போட்டுக் கலக்கினாள். பொட்டலத்தை மடித்து மறுபடி ஒளித்தாள். என் மகன் வந்து அந்த மோரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தான்.

புருசனைத் தன் பக்கம் இழுக்கச் சோற்றிலும் மோரிலும் மருந்து வைக்கிற கதையை எங்கள் பக்கத்தில் கேட்காமல் வளர்ந்தவர் உண்டா. மருந்து குடலில் ஒட்டிக்கொள்ளும், ஆளை உருக்கும், ரத்தமாய்க் கொட்டும், கோபத்தைக் கிளப்பும் என்பார்கள். அம்புட்டும் என் மகனுக்குப் பொருந்தியது. அந்தப் பொட்டலத்தை நான் பிறகு அவள் துணிப்பெட்டியிலிருந்து எடுத்தேன். எடுத்தேன் என்றால், இடுக்கியால் எடுத்தேன். வைப்பு மருந்தைக் கையால் தொடக்கூடாது, மோந்து பார்க்கக் கூடாது, மோந்தவரையும் பிடிக்கும் என்பது எங்கள் ஆட்களின் பயம். ஒரு தடவை மோந்து பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு பாலித்தீன் பையில் போட்டு முடிந்தேன். போய் மகளிடம் சொன்னேன்.

என் வாழ்க்கையில் நானாகப் போய் ஒருத்தரிடம் சொன்ன சேதி அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் மகள் வந்த வேகத்திலேயே அவள் முடியைப் பிடித்தாள். "என்னடி வச்ச என் தம்பிக்கு?" என்றாள். மருமகள் என் கையிலிருந்த பையைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள். அவனுக்கு ரத்தம் போகிறதை எங்கள் முன்னால் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதை யாரிடமாவது சொன்னால் கொன்றுபோடுவேன் என்று அவன் அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான், எனக்கு அது அப்போது தெரியாது. அவள் சும்மா நின்றாள். சும்மா நின்றதே குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. மகன் எழுந்து வந்து இடுப்பில் உதைத்தான். ஆட்டுக்கல்லின் மேல் கையை ஊன்றி விழுந்தாள். காய்ந்த முருங்கைக் கொப்பு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். நான் அப்போதுதான் கதவைச் சாத்தினேன், தெரு பார்க்கிறதே என்று. உள்ளே அவர்கள் நிறுத்தவில்லை. அவள் வாயிலிருந்தும் ரத்தம் வந்தது. அடிக்கிறபோதே என் மகனுக்கு வயிறு முறுக்கி, அவன் பாதியில் விட்டுவிட்டுக் கக்கூசுக்கு ஓடினான். அதனால்தான் அவள் பிழைத்தாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் அவளே கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். உடைந்த கையை முந்தானையில் தொங்கப் போட்டிருந்தாள். குழாயடியில் என் மகள் எல்லாரிடமும் சொல்லி முடித்திருந்தாள். தண்ணீர் பிடித்த பெண்கள் வழி விட்டார்கள். பாவம் பார்த்து விட்ட வழி இல்லை அது. மேலே பட்டுவிடக் கூடாதே என்று விட்டது.

மூன்றாம் நாள், வயிற்றில் ஒட்டிய வைப்பு மருந்தை வெளியே எடுத்துவிடுகிறவர் என்று சொன்ன ஒருத்தரிடம் மகனைக் கொண்டுபோனோம். மேற்கே ஒரு கிராமத்தில், ரோட்டை ஒட்டிய ஓட்டு வீடு. வெளியே எங்களைப் போல ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். அவர் ஏதோ பச்சிலைச் சாற்றை மகனுக்குக் குடிக்கக் கொடுத்துப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்தார். விளக்கெண்ணெயை வயிற்றில் தேய்த்தார். பிறகு ரெண்டு உள்ளங்கையையும் சேர்த்து, தொப்புளுக்கு இடது பக்கம் வைத்து, உடம்புப் பாரத்தையெல்லாம் இறக்கி அமுக்கினார். மகன் அலறினான். அவனைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மகள் காலைப் பிடித்தாள், நான் தோளைப் பிடித்தேன். அவர் முழங்காலை ஊன்றி இன்னொரு தடவை அமுக்கினார். சட்டென்று அவன் வாய்க்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய் எடுத்து, உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கறுப்பாக ஒரு உருண்டை, அதில் முடி முடியாகச் சுற்றியிருந்தது. "பாத்துக்க, இதான் உன் பொண்டாட்டி வச்ச பாசம்" என்றார். சுற்றி நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

அந்த உருண்டையை நான் கிட்டத்தில் பார்த்தேன். அது முடி இல்லை. கறுப்புச் சாயம் போட்ட கழிவு நூல். வருஷக்கணக்காகத் தறிக்கு அடியில் கூட்டி அள்ளுகிற எனக்கு நூல் எது முடி எது என்று தெரியாதா. தெரிந்தது. நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்கு வாய் வரவில்லை. கழுத்துவரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

பாயிலிருந்து எழுந்தவன் வாசலைத் தாண்டவில்லை. காலோடு ரத்தம் கொட்டியது. வேட்டி நனைந்து, மண் நனைந்து, கட்டி கட்டியாகக் கிடந்தது. கண் சொருகிக் குப்புற விழுந்தான், பல்லில் ஒன்று உடைந்தது. மருந்து எடுக்கிறவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கதவைச் சாத்துகிற சத்தத்தை அப்போதுதான் நான் வெளியே நின்று கேட்டேன்.

ஆம்புலன்சில் மதுரைக்கு வந்தோம். பெரியாஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள், குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். வார்டைப் பார்க்கிற டாக்டரம்மா என் மகள் வயசுதான் இருப்பார். என் மகள் அவரிடம் மருந்து வைத்த கதையை முழுசாகச் சொன்னாள். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. மகள் டீ வாங்கப் போன பிறகு, கட்டிலோரம் நின்ற என்னை உட்காரச் சொல்லி, அவரும் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இன்னும் ரெண்டு அமுக்கு அமுக்கியிருந்தால் குடல் கிழிந்திருக்கும், ஆளையே கொண்டுவந்திருக்க மாட்டீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"குடலுக்கு உள்பக்கம் மெல்லிசா ஒரு தோல் இருக்கும்மா. அதுல கண்ணுக்குத் தெரியாத செல்லுங்க வரிசையா நிக்கும். அதுல சில செல்லுக்கு வேலையே வழவழன்னு ஒரு பசையச் செஞ்சு வெளிய விடறதுதான். நம்ம கழிவுல இருக்கற கிருமி தோல்மேல படாம அந்தப் பசைதான் காக்குது. அந்தப் பசைய எப்படிச் செய்யுதுன்னா, செல்லுக்குள்ள புரோட்டீன் நூல் மாதிரி உருவாகும். அத ஒவ்வொன்னையும் சரியா மடிச்சுத்தான் வெளிய அனுப்பணும். நீங்க என்னம்மா வேலை பாக்குறீங்க?"

துண்டு மடிக்கிறேன் என்றேன்.

"அப்ப என்னைவிட உங்களுக்கு நல்லாப் புரியும்" என்றார். மடிக்கிறதுக்கு மேல் சரக்கு வந்து குவிந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். மடிப்புத் தப்பும் என்றேன். தப்பினதை என்ன செய்வீர்கள். ஓரமாய் அடுக்குவோம். அடுக்க இடமில்லாவிட்டால். எனக்கு வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது.

ஒரு பண்டிகைச் சமயம். தறி நிற்காமல் ஓடியது. நாலு பெண்கள் மடிக்கிறோம், எட்டுத் தறித் துணி வந்து விழுகிறது. அவசரத்தில் கரை கோணிப்போய், ஓரம் பிதுங்கி, தப்பு மடிப்பு வாசல் வரைக்கும் குவிந்தது. நடக்க வழியில்லை, மூச்சுவிடப் பஞ்சுத்தூசி. மேஸ்திரி தறியை நிறுத்து நிறுத்து என்று கத்தினார், தறி நிற்கவில்லை. குவியல் சரிந்து ஒருத்தி மேல் விழுந்தது. அவள் எழுந்து, தள்ளிவிட்டது நீதான் என்று பக்கத்தில் நின்றவளை அளவுகோலால் மண்டையில் அடித்தாள். அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். நாலு பேரும் ஒருத்தியை ஒருத்தி அடித்தோம். நானும் அடித்தேன், யார் என்று பார்க்காமல் அடித்தேன், ஒருத்தி காதைப் பிய்த்தேன், தோடு என் கையோடு வந்தது. மடித்து முடித்த நல்ல துணியெல்லாம் ரத்தமாகிவிட்டது. வெளியாள் ஒருத்தர்கூட அந்தப் பட்டறைக்குள் வரவில்லை அன்றைக்கு.

டாக்டரம்மாவும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். தப்பு மடிப்பு உள்ளே குவிந்தால் அந்தச் செல் திணறும். முதலில் வேலையைக் குறைத்துப் பார்க்கும், தப்பானதைச் சரிசெய்ய, கழித்துக்கட்டப் பார்க்கும். முடியாவிட்டால் அபாயச் சங்கு ஊதும். அதுவும் மிஞ்சிப் போனால் தன்னைத்தானே சாகடித்துக்கொள்ளும். பசை குறையும், தோல் ஓட்டையாகும், இத்தனை நாள் சும்மா கிடந்த கிருமி உள்ளே கசியும். சங்குச் சத்தம் கேட்டு உடம்பின் காவல்காரர்கள் ஓடிவந்து அடிப்பார்கள். கிருமியை அடிக்கிறேன் என்று குடலையும் சேர்த்து அடிப்பார்கள். அடி விழ விழ மிச்சச் செல்லும் திணறும், அதுவும் சங்கு ஊதும். அடி எப்போது நிற்கும் என்று அடிக்கிறவனுக்கே தெரியாது.

"எதுனாலம்மா?" என்று கேட்டேன். கேட்டதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பிறப்பிலேயே அந்தச் செல்களுக்குக் கொஞ்சம் தாங்குசக்தி குறைவாக இருந்திருக்கலாம் என்றார். வலி மாத்திரை கிளறிவிட்டிருக்கலாம். தூக்கமில்லாத வேலை, உடம்பை வருத்தினது, அதுவும் கூட்டியிருக்கலாம். "எது எவ்வளவுன்னு எங்களாலயே பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா. கை காட்டறதுக்கு ஒரு ஆள் கிடையாது. ஆனா யாரும் எதையும் வைக்கல. அது மட்டும் நிச்சயம்."

நான் இடுப்பில் முடிந்து வைத்திருந்த பாலித்தீன் பையை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தேன். இது விஷமா என்று பார்க்கச் சொன்னேன். அவர் கொஞ்சமும் யோசிக்காமல் பிரித்தார், மோந்தார், நாக்கு நுனியில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்தார். "மாதுளம் தோலக் காயவச்சு இடிச்ச பொடிம்மா. எங்க வீட்டுலயும் வயித்துப்போக்குக்குக் குடுப்பாங்க. இது இந்த நோயத் தீர்க்காது, ஆனா இந்த நோயக் குடுக்கவும் குடுக்காது" என்று சொல்லிவிட்டுப் பையைத் திருப்பிக் கொடுத்தார். நான் அப்போதுதான் மோந்தேன். சின்ன வயசில் எனக்கே கொடுத்த பொடி.

மகனுக்கு நினைவு தெளிந்ததும் சொன்னேன், மெதுவாக, காதுப்பக்கம் குனிந்து. அவள் உனக்கு வயிறு நிற்கத்தான் கொடுத்திருக்கிறாள் என்றேன். அவன் கூரையைப் பார்த்தபடி கிடந்தான். பிறகு ரத்தம் ஏறுவதற்காகக் கையில் குத்தியிருந்த ஊசியைப் பிடுங்கி எறிந்தான். குழாய் சுழன்று, ரத்தம் சுவரில் கோடு போட்டது. தன் வயிற்றிலேயே முஷ்டியால் குத்திக்கொண்டான், ஒன்று, ரெண்டு, மூன்று. நர்சும் வார்டுபாயும் ஓடிவந்து கையைக் கட்டிலோடு கட்டினார்கள். நான் தோளைப் பிடித்தேன். அவன் தோளைப் பிடிப்பதே என் வேலையாகிவிட்டது. கட்டுக்குள் கிடந்துகொண்டு, "அவ கைய ஒடச்சுட்டேனேம்மா" என்றான். நோய் ஊசிமருந்துக்குக் கேட்டால் குடல் தப்பும், கேட்காவிட்டால் பெருங்குடலை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

மறுநாள் மகளைக் காவலுக்கு வைத்துவிட்டு உசிலம்பட்டி பஸ் ஏறினேன். அங்கிருந்து டவுன் பஸ் மாறி அவள் ஊரில் இறங்கினேன். சம்பந்தியம்மா வாசலில் சாணி கரைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தவுடன் வாளியோடு தூக்கி என் முகத்தில் ஊற்றினார். கண்ணெல்லாம் எரிந்தது. "ஒங்க வீட்டுக்கு மருந்து வைக்கிற கை இங்க இல்ல மதினி, ஒடஞ்ச கைதான் இருக்கு, வந்து பாருங்க" என்றார். வாளியால் தோளில் ஓங்கி அடித்தார். நான் தடுக்கவில்லை. அடி சரியாகத்தான் விழுந்தது.

மருமகள் மாட்டுக் கொட்டத்திலிருந்து வந்து அம்மாவைப் பிடித்து நிறுத்தினாள். முழங்கைவரைக்கும் மாவுக்கட்டு. உதட்டில் வெட்டுக் காய்ந்திருந்தது. நான் தலையைக் குனிந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன், செல், மடிப்பு, சங்கு, எனக்குப் புரிந்த அம்புட்டையும். அவன் கட்டிலில் கிடக்கிற நிலைமையையும் சொன்னேன். பொட்டலத்தை நீட்டினேன். தப்பு பண்ணிட்டேன்த்தா என்றேன்.

அவள் அழவில்லை. அந்த ஊரிலும் சேதி வந்துவிட்டதாம். முந்தின நாள் ஒரு காதுகுத்து வீட்டில் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தவளை, கையை எடு தாயி என்று எழுப்பிவிட்டார்களாம். அவள் கொண்டுபோய் வைத்த தண்ணீரை ஒருத்தரும் தொடவில்லை.

"கை கூடிரும் அத்தை. மாவுக்கட்டு பிரிச்சாச் சரியாப்போயிரும். இந்தக் கையால ஒருத்தரும் ஒரு வாய் வாங்கித் திங்க மாட்டேங்குறாகளே, அதுக்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போக? எங்கிட்ட வந்து குனிஞ்சு சொல்றீக. என்னைய அடிச்ச எடத்துல நிமிந்து சொல்லுங்க."

எனக்கு வாய் வராதே த்தா என்றேன்.

"எம்மேல பழி சொல்ல மட்டும் வந்துச்சுல்ல" என்றாள்.

அவளும் அதே பஸ்சில் வந்தாள். பெண்கள் சீட்டில் எனக்கு மூன்று வரிசை முன்னால் உட்கார்ந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. என் சேலையில் காய்ந்த சாணி வீச்சத்துக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. செக்கானூரணி தாண்டும்வரை என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு தடவையும் ஆரம்பம் மட்டும்தான் வந்தது.

நாங்கள் சந்துக்குள் நுழைந்தபோது குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இருபது குடத்துக்கு மேல் வரிசை. மகளும் துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் அங்கேதான் நின்றாள். மருமகளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. நான் குழாய்க்கல்லின் மேல் ஏறினேன். தண்ணீர் குடத்தில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எம் மகனுக்கு யாரும் மருந்து வைக்கல" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

மகள் வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள், மானத்த வாங்காதம்மா, எறங்கு என்றாள். இழுத்த இழுப்பில் கல்லிலிருந்து சறுக்கி, ஒரு பித்தளைக் குடத்தின் விளிம்பில் முன்நெற்றி அடித்தது. ரத்தம் புருவத்தில் இறங்கியது. அது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. அதற்குப் பிறகு எனக்குக் கூச்சம் இல்லை. எழுந்து நின்று சொன்னேன். அவனுக்கு மாசக்கணக்காக ரத்தம் போனதைச் சொன்னேன். பொடி மாதுளம் தோல் என்று சொன்னேன். மருந்து எடுக்கிறவர் கையில் இருந்தது நம் பட்டறையில் கூட்டி அள்ளுகிற மாதிரிக் கழிவு நூல் என்று சொன்னேன்.

எதிர்வீட்டுக்காரர் மூக்கில் ஆறிய தழும்போடு நின்றிருந்தார். "அப்ப வேற யாருதான் வச்சதுக்கா?" என்றார். அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"யாருமில்லண்ணே. அவன் குடலு அவனையே அடிச்சுச்சு. யாரு மேல அடிக்கன்னு தெரியாம நாங்க இவள அடிச்சோம். இவ கைய ஒடச்சோம். நான் கதவச் சாத்துனேன்."

ஒருத்தி குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்குக் கை காட்ட ஒரு ஆள் வேண்டும், நான் ஆளே இல்லை என்கிறேன்.

மருமகள் என்னைக் கடந்து வீட்டுக்குள் போனாள். கடைசி வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி செம்பில் மோரை அடித்தாள். வெளியே வந்து, எல்லாரும் பார்க்க, நான் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்து, மிச்சம் இருந்த பொடியை அப்படியே மோரில் கொட்டினாள். வலது கையில் மாவுக்கட்டு. இடது கையால் செம்பை நீட்டினாள். எங்கள் வீடுகளில் இடது கையால் ஒரு பிச்சைக்காரருக்குக்கூடக் கொடுக்கமாட்டோம்.

"எடக்கைதான் இருக்கு அத்தை" என்றாள்.

குடு ஆத்தா என்று ரெண்டு கையையும் நீட்டி வாங்கினேன். நெற்றி ரத்தம் ஒரு சொட்டு செம்பில் விழுந்தது. நிற்கிற எல்லாரும் பார்க்கக் குடித்தேன். ரொம்பத் துவர்த்தது, நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. அடியில் மண்டி கிடந்ததை விரலால் வழித்து அதையும் தின்றேன்.

அவள் செம்பை வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பெட்டியில் இருந்த தன் துணிகளை எடுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கு வருகிறாயா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அது நான் கேட்கிற கேள்வி இல்லை. உசிலம்பட்டி பஸ்சுக்கு அவள் நடந்தபோது, குழாயடியில் நின்றவர்கள் வழி விட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் மட்டும் நகரவில்லை. தன் குடத்தைக் காட்டி, ஒரு வாய் தண்ணி மொண்டு குடுத்துட்டுப் போ தாயி என்றார். அவள் நின்றாள், இடது கையால் மொண்டாள். அவர் வாங்கிக் குடித்தார்.